‘கஸ்டமர்’ கை நீட்டினால் முதலாளியும் பதில் சொல்லணும்! லாட்ஜ், ஓட்டல் பெண்களுக்குச் சட்டம் தந்த பாதுகாப்பு

சிக்கல்:–

ஊர் பெயர்தான் சிக்கல். ஆனால் இங்கே சொல்லப்போகும் சிக்கல், லாட்ஜும் ஓட்டலும் இருக்கிற எல்லா ஊருக்கும் பொதுவானது.

ராமநாதபுரம் மாவட்டம் கடலாடி தாலுகாவில் இருக்கிறது சிக்கல். இந்த வட்டாரத்துப் பெண்களுக்குக் கிடைக்கும் வேலை என்ன? வாலிநோக்கம் பக்கம் போனால் உப்பளம். இந்தப் பக்கம் வந்தால் சீமைக் கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடும் வேலை. இரண்டுமே உடம்பை முறிக்கும் வேலை. வெயிலில் இருந்து தப்ப நினைக்கும் பெண்ணுக்கு இருக்கும் வழி, ஓட்டல் வேலை அல்லது லாட்ஜ் வேலை.

அதற்குக் குறைவில்லை. ஏர்வாடி தர்கா, உத்திரகோசமங்கை கோவில், ராமேசுவரம் என்று ஆண்டு முழுக்க யாத்ரீகர் கூட்டம். ஆடி அமாவாசை, தை அமாவாசை வந்தால் ராமேசுவரத்தில் ரூம் கிடைப்பதே கஷ்டம். ரூம் பெருக்க, பெட்ஷீட் மாற்ற, பாத்திரம் கழுவ, மாவு ஆட்ட, கவுண்டரில் சாவி எடுத்துக் கொடுக்க எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும்.

நிழலில் வேலைதான். ஆனால் அங்கே வேறு தொல்லை!

தனியாக ரூம் பெருக்கும் பெண்ணின் கையைப் பிடிக்கும் ஆசாமி. குடித்துவிட்டு அரைகுறை உடையோடு கதவைத் திறப்பவர். சாப்பாடு வைக்கும்போது வேண்டுமென்றே உரசுபவர். ‘‘போன் நம்பர் சொல்லு’’ என்று நூறு ரூபாய் நோட்டை நீட்டுபவர். முதலாளியிடம் போய்ச் சொன்னால் வரும் பதில் என்ன?

‘‘கஸ்டமர்தானேம்மா. கொஞ்சம் அனுசரிச்சுப் போ. நாளைக்கு ரூமைக் காலி பண்ணிட்டுப் போயிடுவாரு.’’

இந்தப் பதில் சட்டப்படி செல்லாது! கை நீட்டியவர் கஸ்டமராக இருந்தாலும், தன்னிடம் வேலை செய்யும் பெண்ணைக் காப்பாற்ற வேண்டிய கடமை முதலாளிக்கு உண்டு. இதுபற்றிய விவரம் வருமாறு:–

ஒரு மாதம்கூட ஆகவில்லை

‘‘அனுசரிச்சுப் போ’’ என்ற பேச்சு எங்கே போய் முடியும் என்பதற்கு நாட்டையே உலுக்கிய வழக்கு ஒன்று இருக்கிறது. நடந்தது உத்தரகாண்ட் மாநிலத்தில், ரிஷிகேஷ் அருகே. அதுவும் நம் ராமேசுவரம் போல யாத்திரைத் தலம்தான்.

அங்கே வனந்தரா என்ற ரிசார்ட்டில் 19 வயது இளம்பெண் ஒருவர் வரவேற்பாளராகச் சேர்ந்தார். ஏழைக் குடும்பத்துப் பெண். 2022 ஆகஸ்டு கடைசியில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு மாதம்கூட முடியவில்லை. செப்டம்பர் 18–ந்தேதி இரவு காணாமல் போனார்.

பெண்ணைக் காணவில்லை என்று புகார் கொடுத்தவர்களில் ரிசார்ட் அதிபர் புல்கித் ஆர்யாவும் ஒருவர்! அந்தப் பகுதி அப்போது வழக்கமான போலீசின் கையில் இல்லை. வருவாய்த்துறை ஊழியர்களே போலீஸ் வேலை பார்க்கும் பழைய முறை அங்கே இருந்தது. அதனால் முதல் சில நாட்கள் வீணாகப் போயின. வழக்கு போலீசின் கைக்கு வந்ததும் குட்டு உடைந்தது.

ரிசார்ட்டுக்கு வரும் விருந்தினருக்கு ‘ஸ்பெஷல் சர்வீஸ்’ செய்யச் சொல்லி அந்தப் பெண்ணை நெருக்கி இருக்கிறார்கள். அவர் மறுத்துவிட்டார். தனக்கு நடக்கும் கொடுமையை நண்பர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினார். அந்தச் செய்திகள் பிறகு வழக்கில் முக்கிய தடயம் ஆயின. செப்டம்பர் 24–ந்தேதி கால்வாயில் இருந்து அவருடைய உடல் மீட்கப்பட்டது.

புல்கித் ஆர்யாவும் ரிசார்ட்டில் வேலை பார்த்த இரண்டு பேரும் கைதானார்கள். ஆர்யாவின் தந்தை அரசியல் செல்வாக்கு உள்ளவர். மக்கள் கொதித்து எழுந்ததும் கட்சி அவரை நீக்கியது. 2025 மே 30–ந்தேதி கோட்துவார் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. மூன்று பேருக்கும் ஆயுள் தண்டனை! கொலை, தடயத்தை மறைத்தல் ஆகியவற்றோடு பாலியல் தொல்லை குற்றமும் நிரூபணம் ஆனதாக கோர்ட்டு கூறியது.

அந்தப் பெண் நண்பரிடம் சொன்னார். ஆனால் விசாரித்து நடவடிக்கை எடுக்கக்கூடியவர்களிடம் சொல்ல அவருக்கு வழி தெரிந்திருந்தால்? இந்தக் கேள்வி ஒவ்வொரு லாட்ஜ் வாசலிலும் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

சட்டம் வந்த கதை

வழி இருக்கிறது. அது சும்மா வந்துவிடவில்லை.

1992–ல் ராஜஸ்தானில் அரசு நலத்திட்ட ஊழியரான பன்வாரி தேவி என்பவர் ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் பார்த்தார். அதற்குப் பழிவாங்க ஒரு கும்பல் அவரை நாசம் செய்தது. வேலையைச் செய்ததற்காகவே ஒரு பெண்ணுக்கு இந்தக் கதியா என்று பெண்கள் அமைப்புகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின. 1997 ஆகஸ்டு 13–ந்தேதி, வேலை செய்யும் இடத்தில் பெண்ணைப் பாதுகாப்பது முதலாளியின் கடமை என்று சுப்ரீம் கோர்ட்டு விதிகளை வகுத்தது. ‘விசாகா தீர்ப்பு’ என்பது இதுதான்.

அதன்பிறகு 16 ஆண்டு கழித்துத்தான் பாராளுமன்றம் சட்டம் போட்டது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லை தடுப்புச் சட்டம் 2013. அந்த ஆண்டு டிசம்பர் 9–ந்தேதி முதல் அமலில் இருக்கிறது.

இந்தச் சட்டம் பெரிய ஆபீசுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தப்பு. தினக்கூலி, காண்டிராக்ட் ஆள், தற்காலிக ஆள், வேலை பழக வந்தவர் எல்லோருமே இதில் ஊழியர்தான். சம்பளச் சீட்டு இல்லாத பாத்திரம் கழுவும் அம்மாவும் ஊழியர்தான். வேலைக்கு அழைத்துப் போகும் வேனும் பணியிடம்தான்.

கஸ்டமரும் தப்ப முடியாது

முக்கியமான இடம் சட்டத்தின் 19–வது பிரிவு. வேலை செய்யும் இடத்தில் பெண்ணுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது. அங்கே வந்துபோகும் வெளி ஆட்களால் வரும் தொல்லையில் இருந்தும் காப்பாற்ற வேண்டும் என்று தெளிவாகவே சொல்கிறது.

வந்துபோகும் வெளி ஆள் யார்? ரூம் போட்டவர், சாப்பிட வந்தவர், காய்கறி இறக்க வந்தவர், டிராவல்ஸ் டிரைவர் எல்லோரும்தான்.

அந்தப் பெண் போலீசுக்குப் போக விரும்பினால் முதலாளி உதவி செய்ய வேண்டும். தொல்லை கொடுத்தவர் வெளி ஆளாக இருந்தாலும் கிரிமினல் நடவடிக்கைக்கு வழிசெய்ய வேண்டும். ‘‘ஓட்டல் பேரு கெட்டுப் போயிடும்மா’’ என்று கும்பிட்டுத் தடுப்பது உதவி ஆகாது.

எது தொல்லை? சட்டம் ஐந்தைச் சொல்கிறது. தொடுவது, தொட முயல்வது. படுக்கைக்கு அழைப்பது, ஜாடையாகக் கேட்பது. ஆபாசமாகப் பேசுவது. ஆபாசப் படம் காட்டுவது. அந்தப் பெண் விரும்பாத வேறு எந்த பாலியல் சேட்டையும். வாய் பேசாமல் ஜாடை காட்டினாலும் தொல்லை தொல்லைதான். ‘‘இணங்கினால் சம்பள உயர்வு, மறுத்தால் வேலை காலி’’ என்று மிரட்டுவதும் இதில் அடக்கம்.

சின்னக் கடையா? கலெக்டர் கமிட்டி!

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஓட்டல், லாட்ஜ் எதுவானாலும் புகார் கமிட்டி ஒன்றை முதலாளி அமைத்தே தீர வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள் இருக்க வேண்டும். பெண்கள் நலனுக்காகப் பாடுபடும் வெளி அமைப்பில் இருந்து ஒருவர் இருக்க வேண்டும். கமிட்டி இல்லை என்றால் ரூ.50 ஆயிரம் வரை அபராதம். மறுபடியும் அதே குற்றம் செய்தால் அபராதம் இரட்டிப்பு. லைசென்சே ரத்தாகலாம்.

சிக்கல் போன்ற சிற்றூரில் டீக்கடையும் சாப்பாட்டுக் கடையும்தானே இருக்கும்? நாலு பேர், ஐந்து பேர் வேலை செய்யும் இடத்தில் கமிட்டி எங்கே இருக்கும் என்று கேட்கலாம். சரியான கேள்வி. அதற்காகத்தான் மாவட்டத்துக்கு ஒரு உள்ளூர் புகார் கமிட்டி உண்டு. பத்துப் பேருக்குக் குறைவான கடையில் வேலை செய்யும் பெண் அங்கே புகார் கொடுக்கலாம். தொல்லை கொடுத்தவர் முதலாளியே என்றாலும், கடை எவ்வளவு பெரிதானாலும், அந்தக் கமிட்டிக்குத்தான் போக வேண்டும். புகாரை வாங்கி அனுப்ப ஒவ்வொரு தாலுகாவிலும் ஒன்றியத்திலும் ஒரு பொறுப்பு அதிகாரி இருக்க வேண்டும். கைக்கு வந்த புகாரை அவர் 7 நாளில் கமிட்டிக்கு அனுப்பியாக வேண்டும்.

சட்டம் வந்து 11 ஆண்டு ஆகியும் பல இடத்தில் இது ஏட்டளவில்தான் இருந்தது. கோவா பல்கலைக்கழக வழக்கு ஒன்றில் இதைக் கண்ட சுப்ரீம் கோர்ட்டு கடும் அதிருப்தி தெரிவித்தது. 2024 டிசம்பர் 3–ந்தேதி கெடு விதித்தது. எல்லா மாவட்டத்திலும் 2025 ஜனவரி 31–ந்தேதிக்குள் உள்ளூர் கமிட்டி அமைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது.

புகார் கொடுப்பது எப்படி?

சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்தில் இருந்து 3 மாதம். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் வரை கமிட்டி அவகாசம் தரலாம்.

எழுதத் தெரியாதே என்று கவலைப்பட வேண்டாம். எழுதிக்கொடுக்க உதவுவது கமிட்டியின் கடமை. நடந்த தேதி, நேரம், ரூம் நம்பர், யார் பார்த்தார்கள், யாரிடம் சொன்னோம் என்பதை அன்றே ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. போனில் வந்த செய்தியை அழித்துவிடக் கூடாது.

விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை அந்தப் பெண் கேட்டால் 3 மாதம் வரை லீவு தரவோ, வேறு இடத்துக்கு மாற்றவோ கமிட்டி சிபாரிசு செய்யலாம். தொல்லை கொடுத்தவரையே மாற்றவும் சொல்லலாம்.

‘‘ஐயாயிரத்தை வாங்கிக்கிட்டு விட்டுடும்மா’’ என்று பேசி முடிப்பது நம் ஊர் வழக்கம். சட்டத்தில் அதற்கு இடம் இல்லை. அந்தப் பெண்ணே கேட்டால்தான் சமரசம். அப்போதும் பணத்தை வைத்துச் சமரசம் செய்யக் கூடாது.

கமிட்டி வேறு, போலீஸ் வேறு. இரண்டுக்குமே போகலாம். போலீசுக்குப் போக கமிட்டியின் அனுமதி தேவை இல்லை. 2024 ஜூலை 1–ந்தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 75–வது பிரிவில், தொட்டுத் தொல்லை கொடுத்தால் 3 ஆண்டு வரை கடுங்காவல். ஆபாசமாகப் பேசினால் ஓராண்டு வரை சிறை. அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181. இந்த இரண்டு நம்பரும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

சொன்னால்தான் பிடிபடும்

சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் தேடி வடநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. ராமேசுவரம் அக்னி தீர்த்தக் கடற்கரை அருகே தனியார் நடத்திய உடை மாற்றும் அறை ஒன்றில் 2024 டிசம்பரில் ரகசிய கேமரா இருந்தது. குளித்துவிட்டு உடை மாற்றப் போன பெண் பக்தர் ஒருவர் அதைக் கண்டுபிடித்தார். வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டு அவர் ஊருக்குப் பஸ் ஏறவில்லை. நேராகப் போலீசுக்குப் போனார். இரண்டு பேர் கைது செய்யப்பட்டார்கள்.

அவர் யாத்திரை வந்தவர். மறுநாள் ஊருக்குப் போய்விடலாம். ஆனால் அதே தெருவில் தினமும் வேலைக்கு வர வேண்டிய பெண்ணுக்கு அவ்வளவு லேசில் வாய் வராது. வேலை போய்விடும் என்ற பயம், ஊர் பேசும் என்ற பயம். அதனால்தான் நடந்தபிறகு பார்ப்பதைவிட நடக்காமல் தடுப்பது முக்கியம்.

பட்டனை அமுக்கு!

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்?

அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஓட்டல் தொழிலாளர் சங்கம் 2016–ல் சுமார் 500 பெண் தொழிலாளிகளிடம் கணக்கெடுத்தது. ஓட்டல் பெண்களில் 100–க்கு 58 பேர் விருந்தினர்களால் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். 2017–ல் அந்த நகரசபை சட்டம் போட்டது. தனியாக ரூம் பெருக்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் 2018 ஜூலை 1–ந்தேதி முதல் அபாய பட்டன் கொடுக்கப்பட வேண்டும். ஆபத்து என்றால் அமுக்கலாம், உதவிக்கு ஆள் ஓடிவரும். தொல்லை கொடுத்தவர் தங்கி இருக்கும் வரை அந்தப் பெண்ணை அவர் பக்கம் வேலைக்கு அனுப்பக் கூடாது. புகார் செய்ததற்காகப் பழிவாங்கக் கூடாது.

அதே நாட்டில் ஓக்லாந்து நகரில் ‘ஹோம்ரூம்’ என்ற ஓட்டல். பரிமாறும் பெண்களே கூடிப் பேசி ஒரு முறையைக் கொண்டு வந்தார்கள். கஸ்டமர் ஒரு மாதிரி முறைத்தால் மஞ்சள். இரட்டை அர்த்தத்தில் பேசினால் ஆரஞ்சு. பச்சையாகப் பேசினாலோ தொட்டாலோ சிவப்பு. மானேஜரிடம் கலரை மட்டும் சொன்னால் போதும். ‘‘என்ன நடந்தது, நிஜமா?’’ என்ற குறுக்கு விசாரணை கிடையாது. மஞ்சள் என்றால், அந்தப் பெண் விரும்பினால் மானேஜர் மேஜையை ஏற்பார். ஆரஞ்சு என்றால் கட்டாயம் ஏற்பார். சிவப்பு என்றால் ஆசாமி வெளியே! இந்த முறை வந்தபிறகு சிவப்பு வரை போவதே அபூர்வம் ஆகிவிட்டது என்று ஓட்டல் முதலாளி அம்மா 2018–ல் பத்திரிகையில் எழுதினார்.

நம் ஊரில் செலவில்லாத வழி

பட்டன் வாங்கக் காசு இல்லாவிட்டாலும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

ஆள் இருக்கும் ரூமுக்குப் பெண்ணைத் தனியாக அனுப்பக் கூடாது. இரண்டு பேர் போக வேண்டும். முடியாவிட்டால் கஸ்டமர் வெளியே வந்தபிறகு பெருக்கலாம். பெருக்கும் வரை கதவு திறந்தே இருக்க வேண்டும்.

நடையில் நல்ல லைட் வேண்டும். கேமரா வைத்தால் நடையிலும் மாடிப்படியிலும் வைக்கலாம். ரூமிலோ உடை மாற்றும் இடத்திலோ வைத்தால் அதுவே குற்றம்.

பெண்கள் உடை மாற்ற, களைப்பாற உள்தாழ்ப்பாள் போட்ட தனி இடம் வேண்டும். ஸ்டோர் ரூம் மூலையைக் காட்டக் கூடாது.

கடைகளை 24 மணி நேரமும் திறக்கத் தமிழக அரசு 2019–ல் அனுமதி கொடுத்தது. அதிலேயே நிபந்தனை இருக்கிறது. இரவு 8 மணிக்கு மேல் பெண்ணை வேலை வாங்க அவருடைய எழுத்துச் சம்மதம் வேண்டும். தக்க பாதுகாப்பும் கொடுக்க வேண்டும். கடைசி பஸ் போனபிறகு ‘‘நீ நடந்து போயிடும்மா’’ என்று அனுப்புவது பாதுகாப்பு ஆகுமா?

கல்லாவில் இருப்பவருக்கு ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும். ‘‘அண்ணாச்சி, அந்த ஏழாம் நம்பர் ரூம் ஆளு சரியில்ல’’ என்று ஒரு பெண் சொன்னால், அந்த நிமிஷமே அவரை அந்த மாடியில் இருந்து இறக்கிவிட வேண்டும். கூலியைப் பிடிக்கக் கூடாது. பிறகு ஏழாம் நம்பர் ஆளிடம் பேச வேண்டியது முதலாளி.

வியாபாரம் போய்விடுமே என்று முதலாளிகள் பயப்படலாம். குடும்பத்தோடு வரும் யாத்ரீகர்தான் இந்தக் கடற்கரை லாட்ஜுகளுக்குச் சோறு போடுபவர். கையைப் பிடிக்கும் ஆசாமியை வெளியே அனுப்பும் லாட்ஜில்தான் அவர்கள் மனைவி மக்களோடு நிம்மதியாகத் தங்குவார்கள்.

பொய்ப் புகார் கொடுத்து மாட்டிவிட்டால்? அதற்கும் சட்டத்தில் பதில் உண்டு. வேண்டுமென்றே பொய் சொன்னது நிரூபணமானால் நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் சாட்சி இல்லை, நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் அந்தப் பெண்மேல் நடவடிக்கை எடுக்க முடியாது.

ஊர் பேசும் என்று பயப்படும் பெண்ணுக்கும் சட்டம் அரண். கமிட்டிக்கு வந்த புகாரையோ, அவர் பெயரையோ, முகவரியையோ வெளியிடக் கூடாது. இந்தத் தடை பத்திரிகைகளுக்கும் சேர்த்துத்தான்.

சுவரைப் பாருங்க!

சட்டத்தில் இன்னொரு விதி இருக்கிறது. பாலியல் தொல்லைக்கு என்ன தண்டனை, புகார் கமிட்டியில் யார் யார் என்பதை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் முதலாளி எழுதி மாட்ட வேண்டும்.

ஓட்டலுக்குச் சாப்பிடப் போகிறவர்கள் விலைப்பட்டியலைப் பார்ப்பது வழக்கம். இனி அதன் பக்கத்துச் சுவரையும் ஒரு தடவை பார்க்கலாம். அந்தப் போர்டு இருக்கிறதா? இல்லாவிட்டால் பில் கொடுக்கும்போது கல்லாவில் கேளுங்கள்: ‘‘அண்ணாச்சி, போர்டு எங்கே?’’

பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆள் வருமுன் போர்டு ஏறிவிடும். இலை எடுக்கும் பெண்ணும் அதைப் படிப்பார்.